ஆமென் என்பது ஓட்டு அல்ல

1957 ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று பதினாறு மின்சார மீட்டர் சோதித்தேன். டன்லப் ஸ்திரீட் துணிக்கடைக்காரர் ஒருவர் தன் கடை மீட்டர் வேகமாக ஓடுகிறதென்று சிட்டி கவுன்சிலுக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். கழற்றி வந்து மேசையில் மாட்டினால் நாலு சதவீதம் மெதுவாக ஓடுகிறது. நேரே சொன்னேன்: "நீங்கள்தான் இத்தனை நாள் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள்." மனுஷர் முகம் கறுத்துவிட்டது. அவர் போனபின் பக்கத்து மேசை சேதுபதி, "அவரை உட்கார வச்சிட்டாவது சொல்லியிருக்கலாம் லா" என்றான்.

உட்கார்ந்தால் நாலு சதவீதம் மூன்றாகிவிடுமா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எட்டு மணி ஆராதனைக்கு எட்டே காலுக்குப் போனேன். அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள். வழக்கம்தான்.

இன்று வழக்கமில்லாதது ஒன்று நடந்தது. குருவானவர் தேவதாசன் ஐயா பிரசங்கத்தை முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு கடிதம் வாசித்தார். பரிசுத்த மத்தியா ஆலயம் இங்கிலீஷ் சபையின் கட்டடம். இருபது வருஷமாக ஞாயிறு எட்டிலிருந்து ஒன்பதரை வரைக்கும் நம் தமிழ்ச் சபை அதில் இரவல் குடித்தனம். இப்போது ஜனவரியிலிருந்து எட்டு மணி அவர்களுக்கே வேண்டுமாம், புதிதாகக் குடும்ப ஆராதனை நடத்த. நாம் மதியம் இரண்டு மணிக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். அக்டோபர் சினாடில் முடிவு. எல்லாச் சபைகளின் குருமாரும், சபையார் அனுப்புகிற பிரதிநிதிகளும் கூடி உட்கார்ந்து தீர்மானம் போடுகிற இடம் அது.

இரண்டு மணி! சபையில் பாதிப் பேர் ஷிப்ட் வேலை. துறைமுகம், ஆஸ்பத்திரி, பவர் ஸ்டேஷன். மதிய டூட்டி ஒரு மணிக்குத் தொடங்குகிறது. இரண்டு மணிக்கு ஆராதனை என்றால் அவர்களுக்குக் கோயிலே இல்லை என்று அர்த்தம். இதைக் கணக்குப் போட இஞ்சினீயர் வேண்டாம்.

வாசலில் கண்மணியக்கா புடவை முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார். பிரசவ ஆஸ்பத்திரியில் சிஸ்டர். சபையில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. "ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு எனக்கு டூட்டி. ரெண்டு மணிக்குக் கோயில்னா, பிள்ளைகளையும் அஞ்சு மணிக்கு மேல பொறக்கச் சொல்லணும்" என்றார்.

நம் சார்பில் சினாடுக்குப் போகிற பிரதிநிதி வேதமாணிக்கம் ஐயா. துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வெயிலிலும் கோட்டுப் போடுகிறவர். அவரிடமே கேட்டேன்: "எட்டு வருஷமாகப் போகிறீர்களே ஐயா, அங்கே என்ன பேசினீர்கள்?"

கோட்டுப் பொத்தானைத் திருகினார். "கூட்டம் நல்லபடியா நடந்துச்சு தம்பி. மத்தியானம் சாப்பாடு போட்டாங்க."

ஆகஸ்ட் 5, திங்கள்

சாப்பாடு போட்டார்களாம்!

ஆகஸ்ட் 7, புதன்

குருவானவர் வீட்டுக்குப் போனேன். அவர் பதவியினாலேயே சினாடில் உட்காருகிறவர், அவருக்குத் தேர்தல் இல்லை. "அப்படியானால் நீங்களே பேசுங்களேன்" என்றேன். மனுஷர் ரொம்ப நேரம் தேத்தண்ணியைக் கலக்கினார். "நான் பேசினா சம்பளக்காரன் பேசுறான்னு ஆயிடும் தம்பி. சபையார் பேசணும்" என்றார்.

சரி. சபையார் என்றால் யார்? நான் இருக்கிறேனே. பாலிடெக்னிக் படிப்பு, இங்கிலீஷ், இருபத்தாறு வயது, பயம் கிடையாது. நானே நிற்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வருடாந்தரக் கூட்டம். நின்றவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. மற்றவர்கள் டூட்டிக்கும் அடுப்புக்கும் போய்விட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குருவானவர்: "சினாடு பிரதிநிதி..." பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "வழக்கம் போல வேதமாணிக்கம் ஐயா." எல்லோரும்: "ஆமென்." முடிந்தது. பதினொரு செகண்டு. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

எழுந்தேன். "ஆமென் என்பது ஓட்டு அல்ல" என்றேன்.

கோயிலுக்குள் அப்படி ஓர் அமைதி எந்த ஜெபத்திலும் வந்ததில்லை. அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

விட்டேனா? எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை பேர் சும்மா இருந்தார்கள், யாருக்குத் தெரியும்? அளக்காத ஒன்றை முடிவு என்று எப்படிச் சொல்வது? ரகசிய ஓட்டு வேண்டும், டூட்டிக்குப் போனவர்களுக்கும் சேர்த்து இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், நானும் நிற்கிறேன். யாரும் வழிமொழியவில்லை. கடைசியில் குருவானவர்தான், "நம்ம ஆலயத்துப் பேருக்குரிய மத்தியாவையே சீட்டுப் போட்டுத்தானே அப்போஸ்தலர் தெரிஞ்சுக்கிட்டாங்க" என்று சிரித்துச் சமாளித்தார்.

அதற்கும் எல்லோரும் ஆமென் என்றார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஏழு விதிகள் எழுதினேன். முக்கியமானவை: பெட்டிக்குச் சீல் வைக்க வேண்டும் (3). வேட்பாளர் எவரும் சீட்டைத் தொடக்கூடாது (5). ஒவ்வொரு சீட்டும் சபையார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும், விதிவிலக்கு இல்லை (6). ஆறாவது என் சொந்தக் கற்பனை. அதில் எவரும் தில்லுமுல்லு செய்ய முடியாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கழித்துப் போட்ட மீட்டர் பலகையில் பெட்டி தயார். மேலே சீட்டு மட்டும் நுழைகிற சந்து. போர்மேனிடம் கேட்டு இரண்டு ஈயச் சீல் வாங்கிக் கம்பி கோத்துக் குறடால் நசுக்கினேன். சேதுபதி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "உங்க சாமி உள்ள மாட்டிக்கிட்டா வெளிய வர கவுன்சில்ல மனு போடணும் போல" என்றான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஏழரைக்கே போக வேண்டியிருந்தது. கொட்டாவி. பெட்டியை எங்கே வைப்பது? கதவருகே ஒரு முக்காலி சும்மா கிடந்தது. அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பக்கத்தில் வெற்றுச் சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பென்சில். சுவரில் விதிகளை ஒட்டினேன், வரைபட எழுத்தில், மிகச் சுத்தமாக.

குருவானவர் கேட்டார்: "ஒரு தடவை வாயால சொல்லிடட்டுமா?" வேண்டாம் என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் பாரபட்சமாகிவிடும். அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, கண் இருக்கிறது.

நான் வெளியே நின்று பார்த்தேன். வரிசை! கிழவிகள்கூட நின்று எழுதுகிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவர் காதில் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். சிலர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜனநாயகத்துக்கு இவ்வளவு தாகம் இருந்திருக்கிறது, ஆமென் என்ற ஒரே வார்த்தையால் இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றும் வரிசை. அம்மாவும் போட்டாள், கண்மணியக்காவிடம் சொல்லி எழுதி. என்ன எழுதினாய் என்று கேட்டேன். "உனக்குத்தான்" என்றாள். தாய் அல்லவா.

ஆகஸ்ட் 31, சனி

ரேடியோவில் கோலாலம்பூர். மலாயாவுக்குச் சுதந்திரம். நெய்னா முகம்மது அண்ணன் சரபத் கடையில் கூட்டம் கூட்டமாக நின்று கேட்டார்கள். அண்ணன் எல்லோருக்கும் காசு வாங்காமல் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தார். நாளைக்கு என் பெட்டி திறக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை.

ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. கோயில் நிறைய ஆட்கள். சீலை வெட்ட என்னிடம்தான் குறடு இருந்தது. வெட்டிவிட்டு ஐந்தாம் விதிப்படி மூன்றடி தள்ளி நின்றேன். குருவானவர் முதல் சீட்டை எடுத்தார்.

"வேதமாணிக்கம்."

இரண்டாவது: "ஆசீர்." நான்தான்.

மூன்றாவதை அவர் அதே ஆராதனைக் குரலில், அர்த்தம் மனசில் ஏறுவதற்கு முன்பே வாசித்துவிட்டார்: "கர்த்தாவே, என் மருமகளுடைய நாக்கைக் கொஞ்சம் குறையப் பண்ணும்."

சபை முழுக்கத் திரும்பியது. எல்லோரும் ஒரே பெஞ்சைப் பார்த்தார்கள். அந்தப் பெஞ்சில் ஒரு மாமியார் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள். மருமகள் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவானவர் என்னைப் பார்த்தார். நான் — மடையன் — "ஆறாம் விதி, ஐயா. விதிவிலக்கு இல்லை" என்றேன்.

நாலாவது, யாருக்கோ மூலம் குணமாக. ஐந்தாவது: "வேதமாணிக்கம்." ஆறாவது: "பெட்டி செய்த தம்பி ஆசீருக்கு ஒரு பெண்ணையும் கொஞ்சம் பொறுமையையும் கட்டளையிடும். பொறுமை முதலில்." கோயிலே குலுங்கியது. அம்மா முக்காட்டுக்குள் போய்விட்டாள். கண்மணியக்கா, "நான் அவங்க சொன்னதை எழுதினவதான் லா!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. அக்காவே எழுந்து விளக்கினார். "ஏய் ஆசீரு, அது விண்ணப்பப் பெட்டி வைக்கிற முக்காலி. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தி மூணு வாரம் அதுலதான் வைப்போம். எட்டு மணிக்கு எல்லாரும் எழுதிப் போடுவோம். எட்டே பத்துக்குப் பெட்டி பலிபீடத்துக்குப் போயிடும். நீ எட்டே காலுக்கு வந்தா உனக்குக் காலி முக்காலிதானே தெரியும்?"

"சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேனே!"

"அவ்வளவு பொடி எழுத்தை எறும்புதான் படிக்கும். இந்த வருஷம் புதுப் பெட்டி, சீல் எல்லாம் வச்சு செஞ்சிருக்காங்க, ஆண்டவரைத் தவிர யாரும் படிக்க முடியாதுன்னு சனங்க மனசுல உள்ளதையெல்லாம் எழுதிட்டாங்க."

மனசில் உள்ளதையெல்லாம். அதை நான் உரக்க வாசிக்க வைத்தேன்.

குருவானவர் நிறுத்தலாம் என்று அடுத்த சீட்டை மடிக்கப் போனார். ஆனால் அது ஓட்டுப் போலத்தான் தொடங்கியது, பெயர் இருந்தது. வாசித்தார்: "கனம் பொருந்திய ஆண்டவரின் சமூகத்துக்கு, வேதமாணிக்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. விஷயம்: சினாடு. மேற்படி கூட்டத்துக்கு அடியேன் எட்டு வருஷமாக அனுப்பப்பட்டு வருகிறேன். இந்த வருஷமாவது வேறு ஒருவரை நியமிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்..."

யாரும் சிரிக்கவில்லை. வேதமாணிக்கம் ஐயா மெல்ல எழுந்தார். எட்டு வருஷத்தில் அவர் சபையில் பேசியது இன்றைக்குத்தான்.

"பெட்டி ஓட்டுக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த முக்காலியைப் பார்த்ததும் கை தானா எழுதிடுச்சு. எனக்கு ஒரு காது கேக்காது. துறைமுகத்துல சரக்குத் தூக்குற வின்ச் பக்கத்துல முப்பது வருஷம். அங்க அவங்க என்ன பேசுறாங்கன்னே தெரியாம சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் கை தூக்கினா நானும் தூக்குவேன். வேண்டாம்னு சொல்லலாம்னு ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அதுக்குள்ள நீங்க ஆமென் சொல்லிடுவீங்க. ஆமெனுக்கு அப்புறம் என்னத்தச் சொல்றது?"

உட்கார்ந்தார். நான் அவரை என்னவெல்லாம் நினைத்தேன். சாப்பாட்டுக்குப் போகிறவர் என்று.

மீதிச் சீட்டுகளைக் குருவானவர் மௌனமாகப் பிரித்தார். தொண்ணூற்று மூன்று சீட்டு. எனக்குப் பதினேழு, வேதமாணிக்கம் ஐயாவுக்குப் பதினைந்து, மிச்சம் அறுபத்தொன்றும் விண்ணப்பங்கள். "கணக்குப்படி..." என்று அவர் இழுத்தார். "ஆசீர்தான் ஜெயிச்சிருக்காப்ல."

ஜெயித்தேன்தான். என் விதிகளில் எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தால் பிரதிநிதி நான்.

ஆனால் தொண்ணூற்று மூன்றில் பதினேழைக் காட்டுகிற மீட்டரை நான் மேசையிலிருந்து குப்பைக்குத்தான் அனுப்புவேன். "செல்லாது" என்றேன். "மறுபடி நடத்த வேண்டும். தப்பு என்னுடையது." கடைசி வாக்கியத்தைச் சொல்ல நாக்கு வலித்தது.

வேதமாணிக்கம் ஐயா மறுபடி எழுந்தார். இரண்டாவது தடவை! "அப்ப என் இடத்துல கண்மணி சிஸ்டர் நிக்கட்டும். அவங்க பேசினா எனக்கே கேக்குது."

செப்டம்பர் 2, திங்கள்

சேதுபதியிடம் சொன்னேன். பதினைந்து நிமிஷம் சிரித்தான். பிறகு, "ஜெயிச்சதை நீயே கேன்சல் பண்ணினியா?" என்று கேட்டுவிட்டு எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தான்.

அம்மா பேசவில்லை. நானும். பொறுமை முதலிலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

குருவானவர் கூப்பிட்டு அனுப்பினார். விண்ணப்பங்களில் இருபதை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார். அவை அவருக்கும் ஆண்டவருக்கும். மீதி நாற்பத்தொன்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டிருந்தார். "பேர் எதையும் நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கை மட்டும் எடுத்துக்க. எல்லாம் ஒரே விஷயம்" என்றார்.

நாற்பத்தொன்றும் இரண்டு மணியைப் பற்றி. ஞாயிறு ஒரு மணிக்கு டூட்டி, கோயில் இல்லாமல் பண்ணாதேயும். என் வீட்டுக்காரர் வருகிற ஒரே கூட்டம் இதுதான், அதையும் எடுத்துக்கொள்ளாதேயும். எட்டு மணியை எங்களுக்கே விட்டுவையும். யாருக்கோ எழுத வராமல் கடிகாரம் மட்டும் வரைந்திருந்தது, முட்கள் எட்டில்.

நான் யார் பேசுவது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் என்ன பேச வேண்டும் என்றே எழுதி விட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மறு ஓட்டுக்கு இரண்டே பேர், நானும் கண்மணியக்காவும். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டில் படம். எனக்குக் குறடு, அக்காவுக்குத் தொட்டில். நூறு சீட்டு, கையாலேயே வரைகிறேன். எதிர்க்கட்சிச் சின்னத்தை மோசமாக வரைந்தால் பாரபட்சம். எனவே தொட்டிலுக்கு நிழல், மடிப்பு, தொங்குகிற கிலுகிலுப்பை எல்லாம் போட்டேன். குறட்டுக்கு நாலு கோடு போதும், குறடு குறடுதான்.

இந்தத் தடவை பெட்டி குருவானவர் அறை மேசையில். முக்காலிப் பக்கம் போகவே இல்லை. ஐயா வாயாலும் அறிவிப்பார். இரண்டு தடவை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கண்மணி சிஸ்டர் 68. ஆசீர் 21. செல்லாதவை 3, அவற்றில் மறுபடியும் விண்ணப்பம் எழுதியிருந்தது. ஒன்று அம்மாவுடையது. கேட்கவில்லை, தெரியும்.

தொட்டிலை அவ்வளவு நன்றாக வரைந்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

பொய். தொட்டிலால் அல்ல.

ஆனாலும் அறுபத்தெட்டு!

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். மத்தியானம் கண்மணியக்கா டூட்டி உடுப்போடு வீட்டு வாசலில் நிற்கிறார். "தலைவலி எந்தப் பக்கம்? அறுபத்தெட்டுப் பக்கமா, இருபத்தொண்ணு பக்கமா?"

உள்ளே வந்து உட்கார்ந்து அம்மா கொடுத்த பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னார்: "பாரு தம்பி, நான் பேசுறவ, நீ அளக்கிறவன். அளக்காம பேசினா ஒளறல்னுவாங்க. நீ மட்டும் போயிருந்தா அளந்துட்டு அவங்களையே திட்டிட்டு வந்திருப்ப, ராத்திரி பதினோரு மணிதான் குடுத்திருப்பாங்க. எனக்கு ஒரு கணக்கு வேணும். எத்தனை பேர், எந்த வேலை, எத்தனை மணிக்கு டூட்டி. பேர் வேண்டாம்."

"எப்போது வேண்டும்?"

"அப்பாடா, தலைவலி போயிடுச்சு" என்றார் அம்மாவிடம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கணக்கு தயார், ஒரே தாளில், எறும்பு அல்லாதவர்களும் படிக்கிற அளவு எழுத்தில். இன்று ஒத்திகை. "நீ எதிர்க்கட்சி பேசு, உனக்கு அது தானா வரும்" என்றார் அக்கா. "தமிழர்களுக்கு வெயில் பழக்கம்தானே?" என்று நான் கேட்டேன், எதிர்க்கட்சியாக. அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. "இதை அங்கே சொல்லாதீர்கள்" என்று நான் — நான்! — சொல்ல வேண்டியதாயிற்று.

அக்டோபர் 24, வியாழன்

லீவு போட்டுவிட்டு சினாடுக்குப் போனேன், பார்வையாளனாக.

வாசலில் பதிவேட்டோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அக்காவைப் பார்த்ததும் இங்கிலீஷில், பார்வையாளர் பெஞ்சு அந்தப் பக்கம் அம்மா என்றார். அக்கா, "நான் பார்க்க வரவில்லை, பேச வந்திருக்கிறேன்" என்றார். பெரியவர் பதிவேட்டைப் புரட்டினார், தொண்டையைக் கனைத்தார், பிரதிநிதிகள் ஆண்களாக இருப்பதே வழக்கம் என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சட்டைப் பையில் சினாடு விதிப் புத்தகம், உரிய பக்கத்தில் அடையாளத்துக்கு நூல் வைத்திருந்தேன். எடுத்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில், "சிரிச்சுக்கிட்டே படி" என்றார்.

சிரித்துக்கொண்டே படித்தேன். திருவிருந்தில் பங்குபெறும் அங்கத்தினர், இருபத்தொரு வயது, சபையாரால் தெரிந்தெடுக்கப்பட்டவர். அவ்வளவுதான். ஆண் என்ற சொல் அந்தப் பக்கத்திலேயே இல்லை. வழக்கம் என்ற சொல்லும் இல்லை. பெரியவர் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி அக்கா பக்கம் நகர்த்தினார். சிரித்தால் இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே. தாடை மட்டும் வலித்தது.

காலை முழுக்க நிலைக்குழுவுக்குக் குருமார் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு சபையார் பிரதிநிதிகள் தங்களுக்குள். சீட்டு, எண்ணிக்கை, மறு எண்ணிக்கை. ஒரு பெட்டியிலும் சீல் இல்லை. மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். நல்ல சாப்பாடு.

நாலு மணிக்குத்தான் நம் விஷயம் வந்தது. இங்கிலீஷ் சபையின் கோயில் கண்காணி எழுந்து மிக மரியாதையாகப் பேசினார். இரண்டு மணி அமைதியான நேரம், தமிழ் நண்பர்களுக்கு இடைஞ்சல் இருக்காது என்றார். நான் பெஞ்சின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா எழுந்தார். முதலில் கணக்கு: இன்ன வேலையில் இத்தனை பேர், ஞாயிறு ஒரு மணிக்கு டூட்டி. பிறகு பிஸ்கட் டின்னைத் தூக்கிக் காட்டினார். "இதில் நாற்பத்தொரு சீட்டு இருக்கிறது. இவை ஓட்டு அல்ல. எட்டு மணியை எங்களுக்கே விட்டுவையும் என்று ஆண்டவருக்கு எழுதியவை. தவறுதலாக எங்களிடம் வந்துவிட்டன. ஆண்டவருக்கு எழுதியதை சினாடில் எந்த விதியின்படி தாக்கல் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தலைவர்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

எங்கோ ஒரு சிரிப்பு. பிறகு அவர் கோயில் கண்காணியைப் பார்த்தார். "சார், உங்கள் இரண்டாவது மகன் சுகமா? ஞாயிற்றுக்கிழமை பிறந்தான். மதியம் இரண்டே முக்கால். கால் முதலில் வந்தது. அன்றைக்கு நான் கோயிலில் இல்லை. டூட்டியில் இருந்தேன்." உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பேசியது மொத்தம் மூன்று நிமிஷம் இருக்கும். கண்காணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே எழுந்து, தமிழ்ச் சபை காலையிலேயே இருக்கட்டும், தங்கள் குடும்ப ஆராதனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். குருமார் தனியாகவும் சபையார் தனியாகவும் கை தூக்கினார்கள். எண்ணினேன். குருமார் 19 பேரில் 14. சபையார் 31 பேரில் 22. இரண்டிலும் தேறிவிட்டது. தேவதாசன் ஐயா கைதான் குருமாரில் முதலில் எழுந்தது, சம்பளக்காரர் கை.

காலை முதல் மாலை வரை, வாசலில் படித்ததைத் தவிர, நான் வாய் திறக்கவே இல்லை. யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

திருத்தத்தைக் குருவானவருக்குச் சினாடிலிருந்து வந்த கடிதத்தில் இன்று முழுசாகப் படித்தேன். காலை என்றால் எட்டு அல்ல. ஏழு மணி.

ஏழு! யார் கேட்டார்கள் ஏழு மணி? சேதுபதி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான்.

1958 ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஏழு மணி ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது என்றார்கள். நான் ஏழே காலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறரைக்கே கோயில். அறுப்பின் பண்டிகை வருகிறது; என் பெட்டி இப்போது விண்ணப்பப் பெட்டி. பழைய பெட்டி வேண்டாமாம். சீல் வைத்தது இருந்தால்தான் எழுதுவோம் என்கிறார்கள். சீல் வைக்க ஆள் நான் ஒருவன்தான். குறடும் கையுமாகப் போய் நசுக்கி, முக்காலியில் வைத்தேன். வேதமாணிக்கம் ஐயா கோட்டோடு ஏற்கெனவே அங்கே காத்திருந்தார். பெட்டிக்கு இப்போது அவர் பொறுப்பு. எட்டு வருஷத்துக்கும் சேர்த்து இளைப்பாறுகிற முகம்.

ஆராதனைக்குப் பின் வருடாந்தரக் கூட்டம். யாரும் கிளம்பவில்லை, டூட்டிக்கு நேரம் கிடக்கிறது. குருவானவர்: "சினாடு பிரதிநிதி..." பின் வரிசையிலிருந்து அதே குரல்: "வழக்கம் போல கண்மணி சிஸ்டர்."

எல்லோரும் வாயைத் திறந்தார்கள். நான் எழுந்தேன். "ஐயையோ" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா, போக உங்களுக்குச் சம்மதமா?"

கண்மணியக்கா திரும்பிப் பார்த்தார். "சம்மதம்தான் லா. சீக்கிரம் முடி, துணி ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்."

வேதமாணிக்கம் ஐயா கேட்கிற காதை எங்கள் பக்கம் திருப்பித் தலையாட்டினார். எனக்கு வேறு கேள்வி இல்லை.

ஆமென் சொன்னதில் என் குரல்தான் முந்தியது என்று அம்மா வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். இருக்காது. எப்படி அளந்தாளாம்?